வெள்ளி மரத்தடியில் நின்ற ஆள்

வெள்ளை உடுப்பு போட்ட ஓர் ஆளைத் தேடி மூன்று நாட்களில் ஐந்து பேரைப் பின்தொடர்ந்தேன். அவர்களில் ஒருவர் பல் டாக்டர். நான் தப்பித்து வெளியே வருவதற்குள் என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். இன்னொருவர் சமையல்காரர். அவர் பின்னாலேயே போய், அடையாறில் முன்பின் தெரியாத ஒரு தம்பதிக்கு அட்சதை போட்டுவிட்டு வந்தேன். பந்தி பிரமாதம் என்றார்கள். எனக்கு மெல்லத்தான் பல் இல்லை.

"இன்னிக்கு எந்த வெள்ள சார்?" என்று கேட்டாள் தேவானை, ஆட்டோ கண்ணாடியைத் துடைத்தபடி. "பால்காரரு, பாதிரியாரு, கட்சிக்காரரு, மூணு பேரு பாக்கி கீறாங்க."

தேவானை என் உதவியாளர். ஆட்டோ அவளுடையது. மூளையும் பெரும்பாலும் அவளுடையதுதான் என்று ஏரியாவில் ஒரு பேச்சு உண்டு. நான் பராங்குசம். கே.கே. நகரில் இட்லி மாவு விற்கும் கடைக்கு மேல்மாடியில் 'பராங்குசம் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் தூக்கோடு வருவார்கள். பதினெட்டு வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆக்சிடெண்ட் க்ளெய்ம்களைச் சரிபார்த்தவன். பொய் சொல்கிறவனைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்று நம்பி வேலையை விட்டேன். அந்த நம்பிக்கை முதல் கேஸிலேயே போய்விட்டது. கறுப்புக் கோட்டு, கறுப்புப் பேண்ட், கூலிங் கிளாஸ், இவைதான் மிச்சம். துப்பறிவாளன் என்றால் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சென்னை வெயிலில் அதற்குள் நான் வேகிறேன் என்பது வெளியே தெரியாது.

கேஸ் இதுதான். மந்தைவெளியில் ஒரு பழைய தனி வீடு. வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி, தெருவுக்கே கிச்சா மாமா. மனைவி சூடாமணி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சாய்நாத் அமெரிக்காவில் இருக்கிறான். இரண்டு பேரையும் கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை விமானம். போன வெள்ளிக்கிழமை மதியம் பீரோவைத் திறந்தால் அப்பா, அம்மா இரண்டு பேரின் பாஸ்போர்ட்டும் இல்லை. பூட்டு உடையவில்லை. பக்கத்தில் இருந்த நகை அப்படியே இருந்தது.

சனிக்கிழமை என்னை அழைத்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், நிறையத் தலையாட்டினேன், காபி குடித்தேன், திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் படம் வந்தது. இன்ஸ்டாகிராமில் யாரோ போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி, 'நம்ம கிச்சா மாமா ஆத்து கேட்டுதானே இது' என்று போட்டிருந்தார். கேட்டுக்கு வெளியே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கிறான். முகம் கலங்கியிருக்கிறது. தலை முதல் கால் வரை வெள்ளை. படத்துக்குக் கீழே இரண்டே வார்த்தைகள்: 'மந்தைவெளி, வெள்ளி'.

வெள்ளிக்கிழமை, வெள்ளை உடுப்பு. கிச்சா மாமாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து நான்கு மாதமாக வந்துபோகும் ஆண் நர்ஸ் முதஸ்ஸிரின் யூனிஃபார்ம் வெள்ளை. ஆனால் வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று அந்தப் பக்கமே வரவில்லை என்று அவன் சொல்லியிருந்தான். சாய்நாத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அதே குரூப்பில் 'எங்க வீட்டு நர்ஸ்தான், இனி யாரும் இவனை வேலைக்கு வைக்காதீர்கள்' என்று எழுதியும்விட்டான்.

படம் எடுத்தவரை முதலில் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தேவானை ஞாயிற்றுக்கிழமையே கேட்டாள். ஆள் கிடைத்தால் படம் எதற்கு என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

புதன்கிழமை காலை சாய்நாத் போன் செய்தான்.

"சார், இன்னிக்கு நாலு மணிக்கு நான் போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கப்போறேன். முதஸ்ஸிர் பேர்ல. அதுக்குள்ள உங்களால ஏதாவது முடியுமா?"

"முடியும்" என்றேன். பழக்கதோஷம்.

லஸ் முனையில் ஒரு டீக்கடையில் முதஸ்ஸிர் காத்திருந்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை எங்க இருந்தே?" என்றேன், கண்ணாடியைக் கழற்றாமல்.

"ஜும்மா முடிச்சிட்டு ராயப்பேட்டைல அக்கா வீட்டுக்குப் போனேன் சார்."

"சாட்சி?"

"அக்கா, மச்சான், ரெண்டு பசங்க. பிரியாணி இருந்துச்சு, அது இப்ப இல்ல."

தேவானைக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

"சார், எனக்கு சவூதில, தம்மாம்ல ஒரு ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு" என்றான் அவன். "ரெண்டு வருஷமா அலைஞ்சது. அடுத்த வாரம் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கித் தரணும். இப்ப என் பேர்ல கம்ப்ளெயிண்ட் போச்சுன்னா அவ்ளோதான். ஏற்கெனவே அந்த மெசேஜப் பாத்துட்டு ரெண்டு வீட்ல வர வேணாம்னுட்டாங்க."

"கிச்சா மாமாவுக்கு நாலு மாசமா பார்த்திருக்கே. அவர் ஏன் உனக்காக ஒரு வார்த்தை பேசல?"

டீ கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"அத அவரத்தான் கேக்கணும். நான் போன் பண்ணேன். எடுக்கல."

"அவர் நடக்கிறாரா இப்போ?"

"பேஷண்ட் ஒடம்பப் பத்தி வெளிய பேசக் கூடாது சார்."

நான் நோட்டில் 'எதையோ மறைக்கிறான்' என்று எழுதினேன். தேவானை எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குப் பேரு மறைக்கிறது இல்ல சார். மரியாத." பிறகு என் போனைப் பிடுங்கி அந்தப் படத்துண்டை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். "தம்பி, உன் யூனிஃபாரம் கையி எவ்ளோ?"

"அரைக்கைக்கா."

"இதுல பாரு. மணிக்கட்டு வரைக்கும் கீது."

நானும் பார்த்தேன். மூன்று நாளாகப் பார்த்த படம்தான். முழுக்கை இருந்தது.

"இதை நீ ஏன் முதல்லயே சொல்லல?" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"யாரும் கேக்கல சார். 'நீதானே, நீதானே'ன்னு மட்டும்தான் கேட்டாங்க."

சாய்நாத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "லீவு நாள்ல வேற சட்டை போட்டிருப்பான். நாலு மணி சார்" என்று வைத்துவிட்டான்.

"இப்பவாச்சும் போட்டோ எடுத்தவங்களப் பாக்கலாமா?" என்றாள் தேவானை. "இல்ல, பாதிரியாரு இன்னும் கீறாரு."

படம் எடுத்தவர் மெஹக். வார நாட்களில் ஏதோ ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் சோதிப்பவர், மற்ற நேரங்களில் ஃபிலிம் கேமராவும் கையுமாக அலைகிறவர். புதன்கிழமை வீட்டிலிருந்தே வேலை என்பதால் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்சந்தில், அவருடைய அப்பா அன்வர் பாஷாவின் ஃப்ரேம் கடையில் கிடைத்தார். கடைக்குப் பின்னால் குளியலறை ஒன்றைப் படம் கழுவும் இருட்டறையாக மாற்றியிருந்தார்கள். அன்வர் பாஷா ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டே எங்களை உள்ளே கைகாட்டினார்.

"மெஹக், போலீஸ் வந்திருக்காங்க பாரு."

"போலீஸ் இல்லை, துப்பறிவாளர்" என்றேன்.

"அப்ப சாயா வேணாமா?" என்றார் அவர்.

மெஹக் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் போனில் இருந்த துண்டைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"இத யாரு இப்படி வெட்டுனாங்க? படமே போச்சு. இதுல முக்கியமானது மரம் சார், ஆள் இல்ல."

உள்ளே போய் முழுப் படத்தை எடுத்து வந்தார். பெரிய காகிதத்தில் அச்சிட்டது. மேஜைமேல் வைத்ததும் நானும் தேவானையும் குனிந்து பார்த்தோம்.

கிச்சா மாமா வீட்டுத் தெருதான். ஆனால் வானம் கரியாக இருந்தது. வீட்டுக்கு முன்னால் நிற்கும் வேப்பமரம் அடி முதல் நுனி வரை வெள்ளைவெளேரென்று, ஒவ்வொரு இலையும் விளக்கு போட்ட மாதிரி, இருந்தது.

"இன்னாம்மா, மந்தைவெளில பனி பேஞ்சுக்கீது?" என்றாள் தேவானை.

மெஹக் சிரித்தார். "இது வேற மாதிரி ஃபிலிம்க்கா. சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிம் நம்ம கண்ணு பாக்குறதத்தான் பாக்கும். இது செவப்புக்கு அந்தாண்ட கொஞ்சம் எட்டிப் பாக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அங்க இருக்கு. பச்சை எல அந்த வெளிச்சத்த அப்படியே திருப்பி அடிக்கும். அதான் வெள்ளையா வருது. வானத்துல அது கிடையாது, அதனால கறுப்பு." மேஜையிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். கறுப்பாக இருந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தேன், கும்மிருட்டு. "லென்ஸ் முன்னாடி இத மாட்டிருவேன். மத்த வெளிச்சமெல்லாம் வெளியவே நின்னுரும். ஆனா ஒரு கஷ்டம், அரை செகண்டு ஷட்டர் தெறந்திருக்கணும். ஸ்டேண்டு இல்லாம முடியாது. நடக்குற ஆள் விழ மாட்டாங்க. அசையாம நின்னாத்தான் விழுவாங்க."

எனக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். அது எனக்கு நன்றாக வரும்.

"அந்த வெள்ளைச் சட்டைக்காரன் யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியாது சார். நான் தெருக்கோடில இருந்தேன், மூஞ்சி சரியாத் தெரியல. ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தாரு. அங்க நிறுத்தியிருந்த ஒரு பைக் கண்ணாடில தலை சீவுனாரு. சீவிச் சீவி, அப்புறம் தள்ளி நின்னு அழகு பாத்தாரு. அப்பதான் க்ளிக் பண்ணேன். இவ்ளோ நேரம் அசையாம நிக்கிற ஆள் கெடைக்கிறதே கஷ்டம்."

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன். இது சனிக்கிழமை, நாலரை மணி இருக்கும். ராத்திரியே கழுவி காலைல போட்டுட்டேன்."

"நீங்கதானே 'மந்தைவெளி, வெள்ளி'ன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா. வெள்ளி. சில்வர். மரத்தப் பாருங்க சார்."

அந்த மரத்தைப் பார்த்தேன். கிழமையைத் தவிர வேறெதுவும் வெள்ளியாக இருக்கும் என்று மூன்று நாளாக ஒரு மந்தைவெளிக்காரருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்குள் தேவானை படத்தின் வலது ஓரத்தில் மூக்கு படும்படி குனிந்திருந்தாள். வாட்ஸ்அப் துண்டில் அந்த ஓரம் இல்லை.

"சார்" என்றாள். குரல் மாறியிருந்தது. "இது என் ஆட்டோ."

ஓரத்தில் ஓர் ஆட்டோவின் பின்பக்கம். ஒடுங்கிய மட்கார்டு. நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. அவளுடையதுதான்.

"சனிக்கெழம நான் உங்களுக்காக அங்க நின்னேன்ல? நீங்க உள்ள காபி சாப்டுக்கினு இருந்தீங்க. அப்பறம் வெளிய வந்து..." அவள் நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழாக மெதுவாகப் பார்த்தாள். பிறகு மெஹக்கைப் பார்த்தாள். "ஏம்மா, இந்த ஃபிலிம்ல கறுப்பு கோட்டு இன்னாவா வரும்?"

"துணியப் பொறுத்துக்கா. இந்த மாதிரி பாலிஸ்டர்ல போடுற சாயம் அந்த வெளிச்சத்த நிறுத்தாது. சுத்தமா வெளுத்துரும். கூலிங் கிளாஸ்கூட வெறுங்கண்ணாடி மாதிரி..." மெஹக் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "சார், நீங்க அன்னிக்கு..."

நான் படத்தைக் கையில் எடுத்தேன். கோட்டின் காலர் என்னுடையது. தள்ளி நின்று பார்க்கும் அந்தத் தொந்தியும் என்னுடையது. முகம் பால் மாதிரி இருந்தது, அதனால்தான் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு சிவப்பான ஆள் நானாக இருக்க முடியும் என்று என் அம்மாகூட நம்பமாட்டாள்.

"நீங்க கேமராவோட நின்னதை நான் பார்த்தேன்" என்றேன் பலவீனமாக. "ஸ்டேண்டு வெச்சிருந்தீங்க. மெட்ரோவுக்கு அளக்கிறாங்கன்னு நினைச்சேன்."

தேவானை வெளியே போய்விட்டாள். கடை வாசலில் அவள் அன்வர் பாஷாவிடம் ஏதோ சொல்வதும் கண்ணாடி வெட்டும் சத்தம் நிற்பதும் கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். நெடுநேரம் சிரித்தார்கள்.

கேஸில் எஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். முதஸ்ஸிர் வெள்ளிக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை வேறு யாரும் வந்ததற்கும் அத்தாட்சி இல்லை. திருடனைக் காட்டிய ஒரே படம் என்னைக் காட்டுகிறது. முதஸ்ஸிர் தப்பினான், நல்லது. ஆனால் பாஸ்போர்ட்?

இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே திறமை, அவமானத்தில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் எதையாவது உற்றுப் பார்ப்பது. அப்படித்தான் அதைப் பார்த்தேன். கேட்டுக்குப் பின்னால் வீட்டு முன்கூடம். கம்பிக்கதவை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள், எல்லாம் கிச்சா மாமாவின் குரோட்டன்ஸ். ஆறு தொட்டிகளில் இலை வெள்ளையாக மின்னியது. ஏழாவது தொட்டியில் மட்டும் இலை கன்னங்கரேல் என்று இருந்தது.

"இது ஏன் இப்படி?" என்றேன்.

மெஹக் குனிந்தார். "செத்த செடியோன்னு நெனச்சேன். ஆனா எல நிமிந்துல்ல நிக்குது. பிளாஸ்டிக்கா இருக்கும் சார். பச்சைன்னு நம்ம கண்ண ஏமாத்தும், இத ஏமாத்த முடியாது."

அந்தச் செடியை எனக்குத் தெரியும். சனிக்கிழமை அதைத் தொட்டுப் பார்த்து, "என்ன செழிப்பு சார்" என்று பாராட்டியிருந்தேன். "உரம் அப்படி" என்றார் கிச்சா மாமா.

மந்தைவெளிக்குப் போகும்போது மணி மூன்று இருபது. தேவானை வழியெல்லாம் பேசவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் சாய்நாத் மாடியில் குளித்துக்கொண்டிருந்தான். கிச்சா மாமா முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். எட்டும் தூரத்தில் தொட்டிகள்.

"வாங்கோ பராங்குசம். ஆள் கெடச்சானா?"

"கெடச்சான் சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு?"

"நான்தான்" என்று படத்தை அவர் மடியில் வைத்து, மெஹக் சொன்னதைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது என் விரல் படத்தில் அந்த ஏழாவது தொட்டியின்மேல் இருந்தது. சிரிப்பு நின்றது.

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கள நான்தான் தேர்ந்தெடுத்தேன், தெரியுமோ? சாய் ஏதோ பெரிய ஏஜென்சிக்குப் போறேன்னான். நான் கூகுள்ல ஒவ்வொருத்தரா பாத்தேன். உங்களுக்கு அஞ்சுக்கு ஒண்ணரை ஸ்டார். இவர்தான் சரி, இவரையே கூப்பிடுன்னு சொன்னேன்."

"அதுல ஒரு அஞ்சு ஸ்டாரு நான் போட்டது மாமா" என்றாள் தேவானை. "இல்லாட்டி ஒண்ணுதான்."

நான் அதைக் கேட்காததுபோல் நின்றேன். "ஏன் சார்?"

"போன தடவை ஆறு மாசம் அமெரிக்கால இருந்தேன். காத்தால பத்து மணிக்கு ஆத்துல யாரும் இருக்கமாட்டா, சூடாவும் பக்கத்தாத்துக்குப் போயிடுவா. ஜன்னலண்ட ஒரு அணில் வரும். ஆறு மாசமும் நான் பேசினது அதோடதான். அதுக்கும் தமிழ் தெரியாது." வாக்கரின் கைப்பிடியைத் தடவினார். "சூடா அங்க சந்தோஷமா இருந்தா. பேரக் கொழந்தைகளுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்துண்டு, பக்கத்தாத்து வெள்ளைக்காரிக்கு ரசம் வெக்கக் கத்துக்குடுத்துண்டு... ரெண்டு வருஷமா இந்த நாளுக்காகக் காத்துண்டிருக்கா. நாலு ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருக்கா. அவகிட்ட நான் வரலேன்னு சொல்ல வாய் வரல. பாஸ்போர்ட் தொலைஞ்சா புதுசு வர நாளாகும், அதுக்குள்ள சாய் கெளம்பிடுவான்னு நெனச்சேன்."

"முதஸ்ஸிர்?"

அவர் வாக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவனுக்கு தம்மாம்ல வேலை கெடச்சிருக்கு சார். போலீஸ் கம்ப்ளெயிண்ட் போனா அது போச்சு."

"தம்மாமா? எங்கிட்ட சொல்லலையே அவன்."

"நீங்க போனை எடுக்கலையே."

கிச்சா மாமா படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு மூணு நாள் ஓடிடுத்து" என்றார். "நான் அவ்வளவு மோசமானவன் இல்லேன்னுதான் நெனச்சுண்டிருந்தேன்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சாய்நாத் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒரு ஃபைலோடு இறங்கி வந்தான். சமையலறையிலிருந்து சூடாமணி எங்களுக்குக் காபி கொண்டுவந்தார்.

"என்ன சார், நான் கெளம்பலாமா?" என்றான் சாய்நாத்.

நான் வாயைத் திறந்தேன். கிச்சா மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு எழுந்தார். வாக்கரைத் தொடவில்லை.

"அப்பா, விழுந்துடுவே."

அவர் விழவில்லை. நான்கு அடி நடந்து ஏழாவது தொட்டியிடம் போனார். செடியின் தலையைப் பிடித்து இழுத்தார். அது தெர்மகோல் அடிக்கட்டையோடு வந்தது. மண்ணுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

சூடாமணி தட்டைக் கீழே வைத்தார். அவர் பாஸ்போர்ட்டைப் பார்க்கவே இல்லை.

"எப்போலேர்ந்து நடக்கறேள்?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா உங்களுக்கு வெந்நீர் தூக்கிண்டு வரேன் நான்."

"தெரியும்."

"முதஸ்ஸிருக்குத் தெரியுமா?"

"அவன்தானே நடக்க வெச்சான். நடக்க முடியலேன்னா பயணம் தள்ளிப்போகும்னு, யாருக்கும் சொல்லாதேன்னு நான்தான் கேட்டுண்டேன். நீங்களே சொல்லுங்க மாமான்னு தினம் சொல்லிண்டிருந்தான்."

சாய்நாத் ஃபைலை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். சனிக்கிழமையிலிருந்து நான் பார்த்த சாய்நாத் போய், பரீட்சையில் தப்பாக எழுதிவிட்ட பையன் போல இருந்தான். "நான் குரூப்ல எழுதிட்டேனே" என்றான்.

முதஸ்ஸிரை நான் வழியிலேயே கூப்பிட்டிருந்தேன். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்கு வெளியே அவன் பைக் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. கேட்டிலேயே நின்றான். கிச்சா மாமா முன்கூடத்துப் படியில் கம்பியைப் பிடித்து இறங்கி, கேட்டு வரைக்கும் தானே நடந்து போனார்.

"தப்பு பண்ணது நான்ப்பா. போனை எடுக்காதது அதவிடப் பெரிய தப்பு."

முதஸ்ஸிர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான்.

"இடது கால இன்னும் இழுத்து வெக்கிறீங்க மாமா" என்றான். "குதிகால் மொதல்ல. எத்தினி தடவ சொல்லிருக்கேன்."

கிச்சா மாமா தன் காலைக் குனிந்து பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

சாய்நாத் கைகூப்பியபடி வந்தான். "சாரி முதஸ்ஸிர். என்ன சொல்றதுன்னே..."

"எங்கிட்ட சொல்ல வேணாம் சார்" என்றான் முதஸ்ஸிர், அமைதியாகத்தான். "அந்த குரூப்ல நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. அங்க சொல்லுங்க."

சாய்நாத் அங்கேயே நின்று போனில் எழுதினான். எழுதியதைச் சத்தமாகப் படித்தான். 'தவறு செய்தது நாங்கள்' என்ற இடத்தில் தேவானை "'நான்'னு போடுங்க சார், மெசேஜ் போட்டது நீங்கதானே" என்றாள். அவன் திருத்தினான். அனுப்பினான். முதஸ்ஸிர் தன் போனை எடுத்து அது வந்துவிட்டதா என்று பார்த்தான். பிறகு ஹெல்மெட்டை மாட்டினான்.

"நாளைக்கு வருவியா?" என்றார் கிச்சா மாமா.

"இல்ல மாமா. இனிமே உங்களுக்கு ஆள் தேவையில்ல." வண்டியைக் கிளப்பினான். "தம்மாம் போய்ட்டு போன் பண்றேன்."

நாங்களும் கிளம்பியிருக்கலாம். காபி ஆறிக்கொண்டிருந்ததால் நான் உள்ளே வந்தேன். சூடாமணி புடவைத் தலைப்பால் உறையிலிருந்த மண்ணைத் துடைத்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் பிரித்து எது யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடையதைச் சாய்நாத்திடம் நீட்டினார்.

"என் டிக்கெட் இருக்கட்டும். அப்பாவோடத மட்டும் கேன்சல் பண்ணிடு."

"அம்மா, தனியாவா?"

"உன்னோடதானே வரேன். ஆறு மாசம் இருந்துட்டு வந்துடறேன்." மற்றொரு பாஸ்போர்ட்டைக் கணவர் கையில் வைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நாப்பத்தி மூணு வருஷம். நான் வரலே சூடான்னு சொல்லத் தெரியல உங்களுக்கு. பச்சைச் செடியைப் பிடுங்கிட்டு பிளாஸ்டிக்க நடத் தெரிஞ்சிருக்கு."

கிச்சா மாமா அந்தப் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தினம் போன் பண்ணுவியா?" என்றார்.

"நீங்க எடுப்பேளா?"

அவர் பதில் சொல்வதற்குள் சூடாமணி காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கிச்சா மாமா ஒரு நிமிடம் நின்றார். அப்புறம், குதிகாலை முதலில் ஊன்றி, ஒவ்வோர் அடியாக, சமையலறைப் பக்கம் அவர் பின்னாலேயே நடந்து போனார்.